இன்னொருக்காப் பாப்பம்

களப்போரத்தில் முள்ளும் சேறுமாய்க் கிடந்த நிலத்தை வெட்டித் திருத்தி உப்பளம் ஆக்கியவன் நான். எங்கள் கரைக்கு ஐஸ் அடிக்கிற மெஷினைக் கொண்டுவந்து பூட்டியதும் நான்தான். கரண்ட் வராது என்றார்கள், வரவைத்தேன். கடலுக்குப் போக நேவி நேரம் குறித்த காலத்தில் மற்றவர்கள் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கரம்போட் விளையாடினார்கள். நான் பாஸுக்காக முகாம் வாசலில் வெயில் காய்ந்து, பாஸ் எடுத்து, வள்ளம் ஓட்டினேன். சண்டைக் காலத்தில் எவன் முதல் போடுவான் என்று சனம் கையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கொழும்புக்கு லொறி விட்டேன். பள்ளிவாசலில் தொழப்போகிறவர்கள் கைகால் கழுவும் ஹவுளுக்கு அத்திவாரம் போட்டதிலிருந்து ஓடு வேய்ந்தது வரை என் செலவு. இவ்வளவுக்கும் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. வாப்பா விட்டுவிட்டுப் போனது ஒரு பழைய வலையும் ஆறு பிள்ளைகளும்.

எதையும் நான் இரண்டு தரம் பார்த்து வாங்கியவன் அல்ல. வள்ளம் என்றால் ஒரு பார்வை, அணியத்தில் ஒரு தட்டு, சரி. பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். அதனால்தான் அந்த டொக்டரை எனக்கு ஆரம்பத்தில் கண்ணில் காட்டக்கூடாது.

யாழ்ப்பாணத்துப் பொம்பிளை. சண்டை நடந்த வருடங்களில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தவர். உயரமானவர், மெலிந்தவர், ஆம்பிளைக் குடை ஒன்றை மழையிலும் வெயிலிலும் பிடித்துக்கொண்டு நடப்பார். காலையில் குவார்ட்டர்ஸைப் பூட்டிவிட்டு மதகுவரை வருவார். பிறகு திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும். ரோட்டோரத்தில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் அவர் மதகடிக்கு வரும்போதே, "இந்தா, திரும்பப் போறாங்க" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கும் அது கேட்கும். கேட்டாலும் திரும்பித்தான் போவார்.

கரையில் இருந்த என் மீன் வாடிக்கு வாங்க வந்தாலும் அதே கூத்து. ஒரு பாரையின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். ஐஸ் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து அதே பாரையின் செவுளை மறுபடி தூக்குவார்.

"என்ன டொக்டர், அதுக்குள்ள மீனுக்கு உசிரு வந்திட்டா?" என்று கேட்டேன்.

"வந்ததோ போனதோ எண்டு ஒருக்காப் பாத்தா என்னெண்டு தெரியும், முதலாளி? இன்னொருக்காப் பாப்பம்."

இந்த "இன்னொருக்காப் பாப்பம்"தான் அவருடைய வாய்ப்பாடு. பிரஷர் பார்ப்பார், வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் அளப்பார். தாயின் மடியில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி அளப்பார். ஊரில் அவருக்கு "இன்னொருக்கா டொக்டர்" என்றே பெயர் விழுந்தது. "அவங்ககிட்டப் போனா லுஹரும் களா, அசரும் களா" என்று, தொழுகை நேரம் தப்பிப்போவதைச் சொல்லி என் மனைவி அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டாலும் பிள்ளைகளை அவரிடம்தான் கொண்டுபோவாள்.

ஒருமுறை விடியற்காலையில் ஊர் குலுங்கியது. ஆலங்குடாப் பக்கம் கரையில் வள்ளத்தில் ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள், தோளில் துவக்கு இருக்கிறது, சுடப்போகிறார்கள் என்று ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டே வந்தான். அந்த நாளில் அப்படி ஒரு கதைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். நான் லொறியை ஸ்டார்ட் பண்ணி, ஏறக்கூடிய சனத்தை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன், டொக்டரையும் ஏற்றத்தான். அவர் அந்தச் சைக்கிள்காரனைப் பிடித்து வாங்கில் இருத்தியிருந்தார்.

"என்ன கண்டனீர்? ஆறுதலாச் சொல்லும்."

"ஆக்கள், டொக்டர். தோள்ல துவக்கு."

"துவக்கு எவ்வளவு நீளம்?"

அவன் கையை விரித்துக் காட்டினான். கை போதவில்லை. எழுந்து நின்று விரித்தான். அப்போதும் போதவில்லை.

"இவ்வளவு நீளத் துவக்கு எந்த நாட்டில செய்யிறவை?" என்று கேட்டார். "போய் இன்னொருக்காப் பாத்திட்டு வாருங்கோ, ஆராவது."

யாரும் போகவில்லை. கடைசியில் நான்தான் போனேன். போய்ப் பார்த்தால், சிலாபப் பக்கத்திலிருந்து கரைவலை இழுக்க வந்த ஆட்கள் தோளில் நீளக் கம்புகளைச் சுமந்துகொண்டு வாடி போட இடம் தேடுகிறார்கள். திரும்பி வந்து சொன்னேன். லொறியில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருடைய வாய்ப்பாடு எப்போதும் இப்படிச் சிரிப்பில் முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

என் உப்பளத்தில் கங்காணியாக உடப்பு ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். கல் மாதிரி உடம்பு. ஒரு காய்ச்சலுக்கு டொக்டரிடம் போனபோது அவர் ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். முடிவில் வெள்ளை அணு கொஞ்சம் கூட, இன்னொன்று கொஞ்சம் குறைய. கங்காணி அந்தக் கடதாசியை என்னிடம் காட்டிச் சிரித்தார். "கொஞ்சம் கூடக் குறைய இருக்கிறதுதானே முதலாளி. நம்மட உப்பு மூட்டையும் அப்பிடித்தானே."

டொக்டர் அவரிடம் சொன்னது: "காய்ச்சலாலயும் இப்பிடி வரும். வேற எதாலயும் வரும். காய்ச்சல் விட்டாப் பிறகு இன்னொருக்காப் பாப்பம். கட்டாயம் வரவேணும்."

கங்காணி போகவில்லை. ஊரில் தீமிதி வருகிறது, விரதம், அது முடியட்டும் என்றார். தீமிதித்துவிட்டு வந்து, பல்லில் ரத்தம் கசிகிறது என்று சொல்லித்தான் இரண்டாந்தரம் ரத்தம் கொடுக்கக் கை நீட்டினார். இரண்டாவது கடதாசி வந்த அன்று டொக்டர் குடைகூட எடுக்காமல் வாடிக்கு ஓடி வந்தார். "லொறி எங்க? இவரை இப்ப கொழும்புக்குக் கொண்டுபோக வேணும்." கொண்டுபோனோம். கங்காணி திரும்பி வரவில்லை. ரத்தத்தில் புற்று என்றார்கள்.

பிந்திப் போனதுதான் பிழை என்று இப்போது யாரும் சொல்வார்கள். ஆனால் என் மனம் அன்று வேறு மாதிரிக் கணக்குப் போட்டது. முதல் கடதாசியோடு மனிதர் உப்பு வாரிக்கொண்டிருந்தார். அவரைக் கொன்றது இரண்டாவது கடதாசி. அப்படித்தான் எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு "இன்னொருக்காப் பாப்பம்" என்று அந்தப் பொம்பிளை யாரிடம் சொன்னாலும் பயந்து அந்த இடத்தைவிட்டு எழுந்துபோய்விடுவேன்.

அந்தப் பயத்தோடு இருக்கும்போதுதான் என் முறை வந்தது.

ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்திருந்தேன். நானும் மனைவியும். கூட்டிப்போகிறவர், "எல்லாரும் ஒருக்கா உடம்பச் செக் பண்ணிக்கிட்டா நல்லம், முதலாளி" என்றார். உடம்பில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சும்மா ஒரு டெஸ்ட். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது நோன்பு மாதம். எப்படியும் வயிறு வெறுமைதானே, நோன்போடு போனால் ஒரே அலைச்சலில் வேலை முடியும் என்று நான் யோசித்தேன். ரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா என்று ஆலிம்சாவிடம் கேட்டேன், முறியாது என்றார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். நோன்பு மாதமும் உப்பு வாருகிற காலமும் அந்த வருடம் ஒன்றாக வந்திருந்தது. விடியற்காலைச் சுபஹு தொழுததிலிருந்து பாத்திக்குள் நின்று ஆட்களோடு ஆளாய் வாரிவிட்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட, பின்னேரம் அசர் நேரத்தில் புத்தளம் டவுனில் ஒரு தனியார் லேப்பில் கையை நீட்டினேன்.

கடதாசி வந்தது. எல்லாம் சரி. ஒரே ஒரு வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு நட்சத்திரம். கிரியேட்டினின் என்றார்கள். ஒன்று தசம் இரண்டுவரை இருக்கலாமாம். எனக்கு ஒன்று தசம் நான்கு.

பாமசி வைத்திருந்தவர் என் கூட்டாளி. வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கிட்னி மச்சான். லேசா அடி வாங்கியிருக்கு."

"லேசா எண்டா?"

"லேசாத்தான் தொடங்கும். அதுக்கு வேலையக் குறைக்கணும். தண்ணியக் குறைங்க."

துவக்கோடு நின்ற நேவிக்காரனிடம் வாதாடி வள்ளத்தை மீட்டவன் நான். அந்த நட்சத்திரம் அதைவிட மோசமாக இருந்தது. அதனுடன் வாதாட முடியாது.

நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையை அரைவாசியில் வைத்துவிடுவேன். தாகம் தொண்டையைக் கிழிக்கும்; குடிக்க மாட்டேன். கிட்னிக்கு ஓய்வு கொடுக்கிறேனாம். கால் வீங்கும் என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு கணுக்காலை விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பதே வேலை. தராவீஹ் தொழுகையில் ருகூவுக்குக் குனியும்போதும் பார்வை கணுக்காலில்தான். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஐஸ் மெஷினின் சாவி எங்கே இருக்கிறது, எந்த வால்வைத் திறந்தால் என்ன நடக்கும் என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இஞ்ச பாருங்க, மௌத்தாப் போற ஆள் மாதிரிக் கதைக்காம அந்த டொக்டர்கிட்டப் போங்க" என்றாள்.

"அவ என்ன சொல்லுவா எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்னத்துக்குப் பயம்?"

"அதத்தான் சொல்லுவா எண்டுதான் பயம்."

அவள் விடவில்லை. அபாயாவைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆஸ்பத்திரிக்குள் ஒரு பொம்பிளைக்குப் பின்னால் போவது எனக்கு மரியாதையா? அதனால் அவளை முந்திக்கொண்டு போனேன்.

டொக்டர் கடதாசியை வாங்கினார். வாசிக்கவில்லை; குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தார். முதலில் என்னைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கையின் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். பிரஷர் பார்த்தார், வெளியே இருத்திவிட்டுத் திரும்பவும் பார்த்தார். சிறுநீரைச் சோதித்தார். பிறகுதான் கடதாசியைத் திருப்பினார்.

"எப்ப எடுத்தது?"

சொன்னேன். நோன்போடு என்றும், உப்பு வாரிவிட்டு என்றும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"தண்ணி?"

"நோன்பு எண்டு சொன்னேனே டொக்டர். அதோட இப்ப ராவைக்கும் நல்லாக் குறைச்சிட்டேன். கிட்னிக்கு ரெஸ்ட்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "ஆர் சொன்னது இந்த விசர்க் கதை? உடம்பு காஞ்சு போய்க் கிடக்கு. வெறும் வயிறெண்டா சாப்பாடுதான் கூடாது. தண்ணி குடிக்கலாம். நீங்கள் நாள் முழுக்க வெயிலில காஞ்சு, உப்புச் சுமந்து, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாமக் குடுத்த ரத்தம் இது. கொஞ்சம் கூடத்தான் காட்டும்."

"அப்ப ஒண்டும் இல்லியா?"

"அப்பிடி நான் சொல்லேல்லை."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டொக்டர் பேனையை எடுத்து அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "இந்த அளவு என்னெண்டு போட்டவை தெரியுமே? சுகமா இருக்கிற கனபேரின்ர ரத்தத்தைப் பாத்து, அந்தக் கரையிலயும் இந்தக் கரையிலயும் கொஞ்சப் பேரை விட்டிட்டு, நடுவில நிண்ட ஆக்களின்ர கணக்கைத்தான் எழுதினவை. விடுபட்ட ஆக்களும் சுகமான ஆக்கள்தான். அதால, கோட்டுக்குக் கொஞ்சம் வெளியால நிண்ட உடனே நோய் எண்டில்லை. உங்களை மாதிரித் தசைபிடிச்ச உடம்புக்குக் கொஞ்சம் கூடத்தான் நிக்கும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "உப்பு மூட்டை தூக்கின உடம்பு டொக்டர் இது. இந்த வயசிலயும்..."

"பெருமைப்படாதேங்கோ. நோயின்ர தொடக்கமாயும் இருக்கலாம். இந்த ஒரு கடதாசியை வைச்சு ரெண்டில எதெண்டு நான் மட்டுமில்லை, ஆரும் சொல்லேலாது." கடதாசியை மடித்து என் கையில் தந்தார். "பெருநாள் கழியட்டும். அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு நாள் உப்பளத்துப் பக்கம் போகாதேங்கோ. மாட்டிறைச்சியைக் குறையுங்கோ. தண்ணி நல்லாக் குடிச்சிட்டு, காலமை வாங்கோ. இன்னொருக்காப் பாப்பம்."

சொல்லிவிட்டார். கங்காணிக்குச் சொன்ன அதே சொல்.

பெருநாள் வந்தது. புதுச் சாரன் உடுத்தேன், புரியாணி சாப்பிட்டேன், எல்லோருக்கும் கைகொடுத்து முஸாபஹா செய்தேன். நாக்குக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. போவதில்லை என்று உள்ளுக்குள் முடிவெடுத்துவிட்டேன். ஹஜ்ஜுக்குப் போகிறவரை யாரும் எனக்கு நோய் என்று சொல்லாவிட்டால் எனக்கு நோய் இல்லை. அதுதான் என் கணக்கு.

அந்த நாட்களில்தான் டொக்டருக்குப் புத்தளத்தில் ஏதோ கூட்டம். பஸ் ஓடவில்லை. என் லொறியில் முன்னால் ஏறினார். வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சந்தியில் சென்றி, லொறியை மறித்தார்கள். ஆமிக்காரப் பொடியன் என்னுடைய ஐடென்டிட்டி கார்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தந்தான். அவருடையதை வாங்கினான், பார்த்தான், பிறந்த ஊரைப் படித்தான். கார்டைக் கொண்டு உள்ளே போனான். இன்னொருவன் வெளியே வந்து அவரை இறங்கச் சொன்னான். வெயிலில் நின்றார். குடையை விரிக்கவும் விடவில்லை. உள்ளே கார்டு கை மாறிக்கொண்டிருந்தது.

நான் சிங்களத்தில், எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டொக்டர் என்று உரக்கச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு லொறிக்குள் இரு என்றார்கள். அவர் அசையாமல் நின்றார். அந்தக் காலத்தில் அப்படி நிறுத்தப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி லொறியில் ஏறியதில்லை.

கடைசியில் கார்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தினதா என்று இழுத்துப் பார்த்தார். கொஞ்சத் தூரம் போன பிறகு நான் கேட்டேன், "ஒவ்வொரு தரமும் இப்பிடியா டொக்டர்?"

"எல்லாரையும் ஒருக்காப் பாப்பினம். எங்களை ரெண்டுதரம் பாப்பினம்."

"பயமில்லியா உங்களுக்கு?"

"ஏன் இல்லை? கார்டைக் கொண்டு உள்ள போகேக்குள்ள எனக்கு மூச்சு நிண்டுபோகும்." கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். "ஆனா ஓடேலாது முதலாளி. ஓடினா, அவை முதல் பாத்த உடன நினைச்சதுதான் மிஞ்சும். அதுதான் உண்மையாப் போகும்."

பிறகு புத்தளம்வரை என் டெஸ்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

முடிவை மாற்றிக்கொண்டு நான் ரத்தம் கொடுக்கப் போன காலையைச் சொல்கிறேன். மூன்று நாளாய் உப்பளத்துக்கு லீவு. கிணற்றுத் தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு குடமாகியிருந்தது. மனைவி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரிக் கேட்டுவரை போய்த் திரும்பினேன். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள், "என்ன முதலாளி, நீங்களும் டொக்டர் மாதிரித் திரும்பப் போறீங்க, பூட்ட மறந்திட்டீங்களா?" என்று சிரித்தார்கள். சிரிப்பு காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே மறுபடி கேட்டுக்கு நடந்தேன். உள்ளே போனேன். நர்ஸ் மிஸ்ஸி றப்பர் பட்டியைக் கட்டினாள். என் நரம்பு மறைந்துகொண்டதாம். குத்தி எடுத்து மறுபடி குத்தினாள். கண்ணை மூடிக் கலிமாச் சொன்னேன்.

அந்த ரத்தமும் டவுன் லேப்புக்குத்தான் போனது. முடிவு வரும்வரை நான் பட்ட பாட்டை எழுத எனக்குப் படிப்புப் போதாது. டொக்டர் கடதாசியைத் திருப்பி, முதல் கடதாசியைப் பக்கத்தில் வைத்து, மாறி மாறிப் பார்த்தார். கங்காணியின் இரண்டு கடதாசிகளையும் அப்படித்தான் வைத்துப் பார்த்திருப்பார்.

"ஒண்டு தசம் ஒண்டு. கோட்டுக்குள்ள வந்திட்டுது," என்றார். "ஹஜ்ஜுக்குப் போயிட்டு வாங்கோ. அங்க வெயில், தண்ணியை விடாதேங்கோ."

நான் அழுதுவிட்டேன். அறையில் வேறு ஆளில்லாததால்தான் அழுதேன். அவர் நான் அழுது முடியும்வரை குடையின் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்துவிட்டு, "வந்தாப் பிறகு இன்னொருக்காப் பாப்பம்" என்றார்.

நான் ஹஜ்ஜிலிருந்து வருவதற்கு முன்பே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. எங்கே என்று ஒருவர் ஓர் ஊரைச் சொன்னார், இன்னொருவர் வெளிநாடு என்றார். என் கண்ணால் காணாததை நான் எழுதவில்லை.

இப்போது ஊரில் கதை வேறு மாதிரி நடக்கிறது. அந்த டொக்டர் இல்லாவிட்டால் முதலாளி அன்றைக்கே மௌத்து என்கிறார்கள். என் மகன்மாரும் கல்யாண வீடுகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். பிழை. எனக்கு நோய் இருக்கவில்லை. இல்லாத நோயிலிருந்து எவரும் எவரையும் காப்பாற்ற முடியாது. அந்த நட்சத்திரம் எதால் வந்தது என்று பார்க்கச் சொன்னது அவர். அந்தப் பெருமையை இவ்வளவு தூரம் எழுதி அவருக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் நல்லது வருமா கெட்டது வருமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமல், கங்காணியைப் பறிகொடுத்த மனதோடு, கேட்டுவரை வந்து திரும்பின காலை மறுபடி திருப்பிக்கொண்டு உள்ளே போனது யார்? இரண்டாந்தரம் கையை நீட்டியது யார்? ஐஸ் மெஷினை வேறு யாராவது தன் பேரில் சொல்லிக்கொள்ளட்டும், ஹவுளில் வேறு பேரைப் பதிக்கட்டும். இதைச் சொல்லும்போது மட்டும் என் பேரைச் சொல்ல வேண்டும். போனது நான்.